ஸ்லாட்டில் உட்கார்ந்தால் போதுமா?

பழைய கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு தேடி வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இந்தக் கார்டு என் மதர்போர்டில் உட்காருமா?" நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் அதற்கான பதில்தான் முக்கால்வாசிப் பதிலாகவும் இருந்தது. இன்று "உட்காரும்" என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். 2004-க்குப் பிறகு வந்த டவர்களில் கார்டுக்கான அந்த நீள ஸ்லாட்டின் வடிவம் மாறவே இல்லை. ஆனால் உட்கார்ந்த கார்டு திரையில் படம் காட்டுமா, காட்டினாலும் கொடுத்த காசுக்கு உழைக்குமா, ஆறு மாதத்தில் பெட்டிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்துக் கொண்டு போய்விடுமா என்பதைப் பற்றி ஸ்லாட் எதுவும் சொல்வதில்லை. பழைய பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் தொழிலில் நீண்ட காலம் இருந்தபின் நான் உறுதியாக நம்புவது இதைத்தான்: கார்டைப் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பார்ப்பது தலைகீழான வரிசை. பெட்டிக்குள் எந்த உறுப்பு முதலில் கையை விரிக்கும் என்று கண்டுபிடித்து, அதன் சக்திக்குள் அடங்கும் கார்டுகளில் நல்லதை எடுப்பதே சரியான தேர்வு.

இந்த வரிசை முன்பு இவ்வளவு முக்கியமாக இல்லாததற்குக் காரணம் உண்டு. 1997-ல் ஏஜிபி ஸ்லாட் வந்தபோது, பொருத்தத்தைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. முதலில் வந்த கார்டுகள் 3.3 வோல்ட்டில் ஓடின. பின்னால் வந்தவை 1.5 வோல்ட்டுக்கு இறங்கின. இரண்டும் கலந்துவிடக் கூடாது என்பதற்காகக் கார்டின் தங்க விளிம்பில் வெவ்வேறு இடத்தில் வெட்டு வைத்தார்கள்; ஸ்லாட்டில் அதற்கு எதிராக ஒரு தடுப்பு. தவறான கார்டு உள்ளே இறங்காது. மெக்கானிக் படிக்காதவரும் பொருத்தம் பார்க்கலாம். இதிலும் ஓட்டை இருந்தது. சில மலிவுக் கார்டுகள் இரண்டு வெட்டுகளையும் வைத்துக்கொண்டு 3.3 வோல்ட்டை மட்டுமே கேட்டன, 1.5 வோல்ட்டை மட்டும் ஏற்கும் இன்டெல் 845 வகைப் போர்டுகளில் அவற்றைச் செருகினால் போர்டே போய்விடும் ஆபத்து இருந்தது. ஆனாலும் பொதுவாக வெட்டு உண்மையைச் சொன்னது. கை தடுத்தால் நிறுத்து, தடுக்காவிட்டால் பொருத்து என்பது அந்தக் காலத்துக்குப் போதுமான பாடம்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்ததும் அந்தத் தடுப்பு போய்விட்டது. 2004-ன் முதல் தலைமுறை ஸ்லாட்டில் இன்றைய கார்டும், இன்றைய ஸ்லாட்டில் அன்றைய கார்டும் இறங்கும். தலைமுறைக்குத் தலைமுறை வேகம் மட்டும் இரட்டிப்பானது: 16 லேன் (தரவு ஓடும் பாதை) கொண்ட ஸ்லாட் ஒரு திசையில் நொடிக்கு 4 ஜிபியில் தொடங்கி, இரண்டாம் தலைமுறையில் 8, மூன்றாவதில் ஏறத்தாழ 16, நான்காவதில் ஏறத்தாழ 32 என்று ஏறியது. "பழையதோடு ஒத்துப்போகும் என்று தரநிர்ணயமே சொல்கிறதே, பிறகென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. தரநிர்ணயம் சொல்வது பொய்யல்ல. கார்டும் ஸ்லாட்டும் தங்களுக்குள் பேசி, இருவருக்கும் தெரிந்த வேகத்துக்கு இறங்கி வந்து இணைந்துகொள்ளும் என்பதுதான் அதன் வாக்குறுதி. எந்த வேகத்துக்கு இறங்கும், அந்த வேகத்தில் கார்டு பயன்படுமா என்பது அதன் பொறுப்பில் இல்லை.

இதற்கு 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400 ஆகிய இரண்டு கார்டுகளையும்விட நல்ல சான்று கிடைக்காது. பார்வைக்கு முழு நீள விளிம்பு. ஆனால் உள்ளே இணைந்திருப்பது 4 லேன் மட்டுமே. நான்காம் தலைமுறை போர்டில் அந்த நான்கு லேன் நொடிக்கு 8 ஜிபி தரும், ஓரளவு சமாளித்துவிடும். நம் ஊரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் எச்81 போர்டில் கிராபிக்ஸ் ஸ்லாட் இரண்டாம் தலைமுறைதான். அங்கே 2 ஜிபி. ஜி31, ஜி41 போன்ற கோர் 2 டியோ காலத்துப் போர்டுகளில் முதல் தலைமுறை. அங்கே வெறும் 1 ஜிபி. ஏஜிபியின் கடைசி வடிவமான 8எக்ஸ் நொடிக்கு 2.1 ஜிபி கொடுத்தது. அதாவது 2022-ன் கார்டு 2008-ன் போர்டில் உட்கார்ந்து, அதற்கும் முந்தைய ஏஜிபி காலத்துப் பாதையில் பாதி அகலத்தில் நடக்கிறது. அந்தக் கார்டுகளில் மெமரியும் 4 ஜிபிதான். புதிய கேம் ஒன்று அதைத் தாண்டிக் கேட்டால், மீதியை ரேமிலிருந்து இந்தக் குறுகிய பாதை வழியாகத்தான் இழுத்துவர வேண்டும். திரை விக்கிவிக்கி ஓடும். 2016-ன் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கணக்கில் சிறிய கார்டு, ஆனால் 16 லேனும் உண்டு. பழைய போர்டில் புதியதைவிடப் பழையது நிம்மதியாக ஓடும் இடங்கள் உண்டு என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடும். கார்டின் லேன் எண்ணிக்கையை அட்டைப்பெட்டியில் பெரிதாக எழுதுவதில்லை; தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது மின்சாரம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரியது, ஏனென்றால் வேகம் குறைந்தால் ஏமாற்றம் மட்டும்தான், மின்சாரம் தவறினால் பொருள் சேதம். ஸ்லாட் வழியாகக் கார்டு எடுத்துக்கொள்ளக் கூடியது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தேவைப்பட்டால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர்: 6 பின் என்றால் 75, 8 பின் என்றால் 150. இந்த 75 என்ற எல்லை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2016 ஜூனில் ஆர்எக்ஸ் 480 வந்தபோது, அது ஸ்லாட்டிலிருந்து எல்லையைத் தாண்டி இழுக்கிறது என்று சோதித்தவர்கள் அளந்து காட்டினார்கள். அடுத்த மாதமே அதைக் குறைக்கும் டிரைவரை ஏஎம்டி வெளியிட வேண்டியதாயிற்று. புத்தம்புதிய போர்டுகளை நினைத்தே அந்தப் பதற்றம் என்றால், பத்து ஆண்டு வெயிலும் தூசியும் தின்ற போர்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிராண்டட் சிறிய டவர்கள் சிலவற்றில் ஸ்லாட் 75 வாட் முழுவதையும் தருவதும் இல்லை. அவற்றின் கையேட்டில்தான் அந்த எண் இருக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் "450 வாட்" என்று பெரிய எழுத்தில் இருப்பதை நம்பிக் கார்டு வாங்குவதுதான் நம் ஊரில் மிகப் பரவலான தவறு. கார்டும் பிராசஸரும் தின்பது 12 வோல்ட்டை. அதே ஸ்டிக்கரின் சிறு எழுத்தில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். 16 என்று இருந்தால் 12-ஆல் பெருக்குங்கள்: 192 வாட். மீதியெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கைக் கூட்டிக் காட்டியது. இன்றைய கார்டுக்கு அது உதவாது. 95 வாட் எல்லை கொண்ட இரண்டாம் தலைமுறை கோர் ஐ5, அதோடு 75 வாட் கார்டு என்றாலே 170. ஹார்ட் டிஸ்க், மின்விசிறிகள் வேறு. விளிம்பில் நிற்கிறது. அங்கே செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 185 வாட் ஆர்எக்ஸ் 580-ஐ மாட்டினால் கணக்கு 280-க்குப் போய்விடும். டெஸ்க்டாப்பில் படம் வரும், பாட்டுக் கேட்கலாம். கேம் திறந்த பத்தாவது நிமிடம் மெஷின் தானாக அணையும். கார்டு கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். கார்டில் குறையே இருக்காது. 6 பின் வயர் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸுக்கு சாட்டா கன்வெர்ட்டர் போட்டு ஒப்பேற்றுவதையும் நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். சாட்டா பின் 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 75 வாட் வாயை அதில் வைத்தால் பிளாஸ்டிக் உருகும். வீட்டு யூபிஎஸ்ஸையும் மறக்கக் கூடாது: 600 விஏ என்று எழுதியது பெரும்பாலும் 360 வாட்தான், மானிட்டரும் அதில்தான் தொங்குகிறது.

பிராண்டட் அலுவலக டவர்களை வாங்கி மேம்படுத்துவது இப்போது வழக்கமாகிவிட்டது. லீஸ் முடிந்து வெளியே வரும் மெஷின்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து மாவட்டத் தலைநகரக் கடைகள்வரை குவிந்து கிடக்கின்றன. நல்ல உடம்பு, நியாயமான விலை. ஆனால் இவற்றுக்குச் சொந்தமான கட்டுப்பாடுகள் உண்டு. டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010-ன் பெரிய டவரில் எஸ்எம்பிஎஸ் 275 வாட், சிறிய வடிவத்தில் 240. நான்காம் தலைமுறை 9020-ல் 290, 255. தரமான வாட்கள்தான், ஸ்டிக்கரில் ஏமாற்று இல்லை; ஆனால் கார்டுக்கென்று தனி வயர் வராது. 9020-ல் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றலாம் என்றால் மதர்போர்டின் பவர் பின் 24 அல்ல, 8. சாதாரண எஸ்எம்பிஎஸ் நேரே பொருந்தாது. சிறிய வடிவ டவரில் முழு உயரக் கார்டு நுழையவே நுழையாது. லோ புரொபைல் தகடு உள்ள கார்டுதான் வேண்டும். அசெம்பிள்டு கேபினெட்டிலும் ஹார்ட் டிஸ்க் கூண்டு குறுக்கே நின்று இரண்டு விசிறிக் கார்டை மறிப்பது சகஜம். அளவுகோல் வைத்து அளந்தால் இரண்டு நிமிட வேலை.

இனி கண்ணுக்கே தெரியாத தடுப்பு. மெஷினை ஆன் செய்த முதல் நொடியில் விண்டோஸும் இல்லை, டிரைவரும் இல்லை. கார்டுக்குள் இருக்கும் சிறு நிரல்தான் திரையில் எழுத்தைக் காட்டுகிறது. மதர்போர்டின் பழைய பயாஸ் அந்த நிரலை ஒரு மொழியில் கேட்கும், அதன் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ வேறு மொழியில் கேட்கும். 2012-ல் விண்டோஸ் 8 வந்ததை ஒட்டி யூஇஎஃப்ஐ பரவலானது. அதன் பிறகு பல ஆண்டுகள் கார்டுகள் இரண்டு மொழியும் பேசின. இப்போது வரும் சில கார்டுகள் யூஇஎஃப்ஐ மட்டுமே பேசுகின்றன. ஜி41 போர்டில் அவற்றைச் செருகினால் விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். கார்டும் நல்லது, போர்டும் நல்லது, பேச்சு மட்டும் நடக்காது. சில எச்61 போர்டுகள் பயாஸ் அப்டேட் மூலம் யூஇஎஃப்ஐ பெற்றன; ஆகவே அந்தக் காலத்துப் போர்டு என்றால் பழைய கார்டோ உள்ளமைந்த டிஸ்ப்ளேயோ வேலை செய்யும்போதே அப்டேட்டை முடித்துவிட வேண்டும். எதிர்த்திசையிலும் இதே சங்கடம் உண்டு: பழைய முறையை முற்றிலும் கைவிட்ட புதிய போர்டில் 2010 வாக்கிலான கார்டு படம் காட்டாது.

இவ்வளவையும் பெட்டியில் பார்த்த பிறகுதான் கார்டின் பெயருக்கு வர வேண்டும். பெயரும் நம்பத்தக்க சாட்சி இல்லை. ஜிடி 730 என்ற ஒரே பெயரில் வேறுவேறு சிப்புகள் கொண்ட மூன்று வகைகள் விற்கப்பட்டன. ஜிடி 1030 முதலில் 2017-ல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி. மறு ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 வைத்து ஒன்று வந்தது, 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்கு வேகம், பெயர் மட்டும் அதே. விலையில் சில நூறு ரூபாய் குறைவு என்று இரண்டாவதை எடுப்பவருக்கு எதை இழக்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை, இது எனக்கு ஆறாத வருத்தம். செகண்ட் ஹேண்ட் சந்தையில் இன்னும் ஒரு படி மோசம். பழைய கார்டின் நிரலை மாற்றி எழுதி 1050 டிஐ என்று காட்ட வைத்த போலிகள் பெருகியதால், 2018-ல் ஜிபியு இசட் மென்பொருள் போலியைக் கண்டுபிடித்து எழுதும் வசதியையே சேர்த்தது. 2022 செப்டம்பரில் எதிரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் சுரங்க முறை முடிந்தபின் இரவும் பகலும் ஓடிய கார்டுகள் மலைபோலச் சந்தைக்கு வந்தன. சுரங்கத்தில் ஓடியது என்பதற்காகவே ஒரு கார்டை நான் ஒதுக்க மாட்டேன். விசிறியும் வெப்பப் பசையும் மாற்றினால் நன்றாக உழைப்பவை பல. அரைமணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்ட மறுக்கும் விற்பனையாளரைத்தான் ஒதுக்குவேன்.

எதற்காகக் கார்டு என்பதையும் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். கேம் என்று சொல்லாதவர்களில் பலருக்கு யூடியூப் தடங்கலின்றி ஓடினால் போதும். யூடியூப் பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில் வருகிறது. கோர் 2 டியோவும் இரண்டாம் தலைமுறை ஐ3-யும் அதைப் பிராசஸரின் தலையில் ஏற்றித் திணறுகின்றன. இதற்கு மலிவாக ஜிடி 710 வாங்கிப் போட்டால் பயன் இல்லை, அதற்கும் விபி9 தெரியாது. ஜிடி 1030-க்குத் தெரியும், 30 வாட்டில் முடித்துவிடும். ஆனால் கல்யாண வீடியோ எடிட் செய்பவர் அதை வாங்கக் கூடாது, ஏனென்றால் வீடியோவைச் சுருக்கி எழுதும் பகுதி அதில் இல்லை. ஆர்எக்ஸ் 6400-லும் இல்லை. மானிட்டரையும் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் இருந்து அனலாக் வெளியீடு போய்விட்டது. விஜிஏ மட்டும் உள்ள பழைய மானிட்டருக்குச் சாதாரண முனை மாற்றி போதாது, சிக்னலையே மாற்றும் கன்வெர்ட்டர் தேவை.

"இப்போதே பெரிய கார்டாக வாங்கிவிட்டால், நாளை புது மெஷினுக்கு எடுத்துக்கொள்ளலாமே?" இது வலுவான வாதம், ஓராண்டுக்குள் போர்டை மாற்றுவது உறுதி என்றால் நானும் ஒத்துக்கொள்வேன், முதலில் எஸ்எம்பிஎஸ்ஸை வாங்குங்கள் என்ற ஒரு நிபந்தனையோடு. உறுதி இல்லை என்றால் இந்த வாதம் நிற்காது. கிராபிக்ஸ் கார்டின் விலை அதன் அடுத்த தலைமுறை வந்ததும் இறங்குவது வழக்கம். பயன்படுத்தாத திறனுக்கு முன்பணம் கட்டுவதில் அர்த்தமில்லை. பெரிய கார்டு பழைய பிராசஸரைச் சும்மா விடுவதும் இல்லை. இன்டெல் ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் என்ற வசதியை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. பத்தாம் தலைமுறைக்கு முந்தைய போர்டுகளை இன்டெல்லே பரிந்துரைக்கவில்லை. 2024 டிசம்பரில் வந்த பி580 நல்ல கார்டு என்று பெயர் எடுத்தது. ஆனால் ரைசன் 5 2600 போன்ற பிராசஸர்களோடு சோதித்தபோது டிரைவரின் சுமை பிராசஸரைப் பிடித்து இழுத்து, புதிய பிராசஸரில் தெரிந்த லாபத்தில் கணிசமான பகுதியைக் கரைத்துவிட்டது.

"பழைய பெட்டிக்கு ஏன் இவ்வளவு பாடு? தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கலாமே" என்பவர்களுக்கு 2025 அக்டோபர் 14 கையில் கிடைத்த ஆயுதம். அன்றோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான இன்டெல் பிராசஸர்களுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. ஆனால் நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி உள்ள பெட்டி பாலிடெக்னிக் மாணவருக்கும் சிறு டிசைன் கடைக்கும் லினக்ஸில் இன்னும் பல ஆண்டு உழைக்கும். அங்கே கார்டின் வயதைவிட டிரைவரின் வயதே தீர்ப்பு. நான் இத்தனை நாள் கைகாட்டி வந்த 1050 டிஐ-யைக்கூட இப்போது தயங்கித்தான் சொல்கிறேன். 2025 அக்டோபரோடு என்விடியா அந்தத் தலைமுறைக்குப் புதிய கேம் டிரைவரை நிறுத்திவிட்டது, இனிப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும். அதே 75 வாட்டுக்குள் நிற்கும் ஜிடிஎக்ஸ் 1650 அடுத்த தலைமுறை. டிரைவர் தொடர்கிறது, 16 லேனும் உண்டு. சில தயாரிப்பாளர்கள் அதிலும் 6 பின் வைத்திருக்கிறார்கள், இல்லாததைக் கேட்டு வாங்க வேண்டும். கொஞ்சம் கூடக் கொடுக்க முடிந்தால் 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி வகை: 70 வாட், 8 லேன், தனி வயர் வேண்டாம், லோ புரொபைலிலும் கிடைக்கிறது. 9020 போன்ற பெரிய டவருக்கு இன்றைக்கு இந்த இரண்டுக்குள்தான் நான் முடிவு செய்வேன்.

ஜி31 போர்டும் 2 ஜிபி ரேமும் உள்ள கோர் 2 டியோவுக்கு, மகளின் படிப்புக்காக என்று ஐயாயிரம் ரூபாயோடு வருபவரிடம் எந்தக் கார்டையும் எடுத்துக் காட்டக் கூடாது என்பது என் கருத்து. அந்தப் பணத்துக்கு லீஸ் முடிந்த நான்காம் தலைமுறை டவர் கிடைக்குமா என்று பக்கத்துக் கடையில் கேட்டுச் சொல்வதுதான் முறை. அதில் உள்ளமைந்த டிஸ்ப்ளேயே இவர் கேட்கும் வேலையைச் செய்துவிடும். கார்டு விற்கும் லாபம் போகும். அவர் மகளின் படிப்புக்கு மெஷின் ஓடும்.